ஹைடெக் லேப் சாவி யாரிடம் இருக்க வேண்டும்? புது ஹெச்.எம். ஒருவரின் குழப்பம்

சாக்பீஸ்தூள் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியராக 21 வருடம் ஓட்டிவிட்டு, போன ஜூனில்தான் பதவி உயர்வில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு ஹெச்.எம். ஆக வந்தேன். ஆறு முதல் பத்து வரை 212 பிள்ளைகள். ஹைடெக் லேபில் பத்து கணினி, ஒரு புரொஜெக்டர்.

மூன்றாண்டுக்கான பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கச் சொன்னார்கள். இரண்டு இரவு உட்கார்ந்து பதினான்கு அம்சங்கள் எழுதினேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு திருப்தி. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்தேன். மூன்றாவது அம்சம், "கூடுதலாக ஐந்து கணினிகள் பெறுதல்". அதை வாசித்ததும் கடைசி வரிசையில் இருந்த ஓர் அம்மா கையைத் தூக்கினார். கட்டட வேலைக்குப் போகிறவர், மகள் ஏழாம் வகுப்பு. "சார், இருக்கிற ரூமே பூட்டித்தான் கெடக்குதுன்னு பாப்பா சொல்லுது. சாவி யாருகிட்ட இருக்கு?" என்றார்.

சாவி என் மேசை டிராயரில் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் பொறுப்பு ஒப்படைத்தபோது ஸ்டாக் ரெஜிஸ்டரோடு கொடுத்தது. பத்திரமாக வைத்திருந்தேன். அவ்வளவு பத்திரமாக.

என் கேள்வி இரண்டு. திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது? அப்புறம், இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, எனக்கு எக்செல்லில் ஒரு கூட்டல் போடக்கூட எட்டாம் வகுப்புப் பையன் உதவி வேண்டும். என்னைவிடப் பதினைந்து வயது சின்ன ஆசிரியர்கள் எல்லாம் தெரிந்தவர்கள். அவர்களை நான் எப்படி நடத்திக்கொண்டு போவது?

---

மின்தடை

வாழ்த்துகள் சார். ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தலைமைப் பண்பு, தொழில்நுட்பத் தலைமை, எல்லாம் பயிற்சிக் கட்டகத்தில் நன்றாக இருக்கும். நான் போன பயிற்சியில் ஐந்து நாளும் ஒருவர் ஸ்லைடைப் பார்த்து வாசித்தார். அந்தப் பயிற்சியின் தலைப்பு 'புதுமையான கற்பித்தல் முறைகள்'.

நிஜத்தில் ஹெச்.எம். வேலை எமிஸ், அதாவது பள்ளி விவரங்களை எல்லாம் ஏற்றும் அரசு இணையதளம். காலையில் வருகைப் பதிவு, மதியம் சத்துணவு எண்ணிக்கை, சாயங்காலம் "இன்னும் உங்கள் பள்ளி முடிக்கவில்லை" என்று வாட்சப்பில் சிவப்புப் பட்டியல். இதற்கு நடுவில் மூன்றாண்டுத் திட்டம் எழுதி என்ன? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25க்கு ஒன்றிய அரசு தர வேண்டிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை என்று தமிழக அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. மாநிலத்துக்கே அந்த நிலைமை. நீங்கள் ஐந்து கணினி கேட்கிறீர்கள்.

முதலில் யூபிஎஸ் பேட்டரி உயிரோடு இருக்கிறதா பாருங்கள். நான் பந்தயம் கட்டுகிறேன், செத்திருக்கும்.

---

பழைய_பிஆர்டிஇ

மின்தடை சார் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு நான் பதில் சொல்கிறேன். 18 வருடம் ஆசிரியர் பயிற்றுநராக வட்டார வள மையத்தில் இருந்தவன். எத்தனை மேம்பாட்டுத் திட்டங்களைக் கையில் வாங்கியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. பலவற்றில் ஆண்டு மட்டும்தான் மாறியிருக்கும். ஒன்றில் அதுவும் மாறவில்லை.

சாக்பீஸ்தூள் சார், உங்கள் பதினான்கில் எத்தனை "பெறுதல்", "வாங்குதல்", "அமைத்தல்" என்று முடிகிறது? எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் இருந்தால் அது திட்டம் இல்லை, மளிகைச் சீட்டு.

இது சும்மா ஒரு கோப்பு என்று நினைக்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21இல் மேலாண்மைக் குழு வருகிறது. நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பிரிவு 22 அந்தக் குழுதான் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும் என்கிறது. குழு. ஹெச்.எம். இரண்டு இரவு தனியாக உட்கார்ந்து எழுதி வாசிப்பதை அது சொல்லவில்லை. அந்த அம்மா கேட்டது சட்டப்படி அவர் கேட்க வேண்டிய கேள்விதான்.

பணம். 101 முதல் 250 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 50,000 ரூபாய். அதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு. ஆக, வந்தால், உங்கள் கையில் 45,000. சுண்ணாம்பு, குழாய், மின்கட்டணம், அறிவியல் பொருள் எல்லாம் அதற்குள். 45,000 ரூபாயில் ஐந்து கணினி வராது. ஆனால் பூட்டிய அறையைத் திறக்க அதிலிருந்து ஒரு காசு வேண்டாம்.

பொருளை விட்டுவிட்டுப் பிள்ளையிலிருந்து தொடங்குங்கள். நாளைக்கு எட்டாம் வகுப்புக்குப் போய் மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலைப் பார்க்க வேண்டாம், தாளைப் பாருங்கள். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

---

சாக்பீஸ்தூள்

எண்ணினேன். பதினான்கில் ஒன்பது. மளிகைச் சீட்டுதான்.

பேட்டரியும் பார்த்தேன். மின்தடை சார் பந்தயத்தில் ஜெயித்துவிட்டார்.

வகுத்தல் கணக்கும் கொடுத்தேன். எட்டாம் வகுப்பில் 41 பேர். 17 பேர் சரியாகப் போட்டார்கள். 11 பேர் முதல் இலக்கத்தை வகுத்துவிட்டு அடுத்ததை இறக்காமல் நிறுத்திவிட்டார்கள். மீதிப் பேர் தாளில் 735 ÷ 5 என்று கேள்வியை மட்டும் அழகாக எழுதிக் கீழே கோடு போட்டிருந்தார்கள். ஒருத்தி கோட்டுக்கு மேலே ஒரு பூ வரைந்திருந்தாள். கணக்கு ஆசிரியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரியும் சார், ஆனா பாடத்திட்டம் ஓடிக்கிட்டிருக்கே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் வகுத்தல் இல்லையே.

---

எண்ணாயிரம்

இந்த இடத்தில் இரண்டு ஆய்வுகளைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று அரசு கொடுத்தது. 319 கிராமத் தொடக்கப் பள்ளிகளை வைத்து அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கி ஆய்வு செய்தது. பதினைந்து மாதம் கழித்துப் பார்த்தால் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் நகரவே இல்லை. பெட்டி வந்தது, வகுப்பு அப்படியே இருந்தது.

டெல்லியில் கார்த்திக் முரளிதரனும் மற்ற இரு ஆய்வாளர்களும் செய்தது 2019இல் வெளியானது. பள்ளி முடிந்த பிறகு மையத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு, அவரவர் எந்த வகுப்பு நிலையில் இருக்கிறார்களோ அந்த நிலைக் கணக்கைக் கணினி கொடுக்கும். பயிற்றுநரும் கூட இருப்பார். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். இதைவிட என்னை அசைத்தது அவர்கள் தொடக்கத்தில் கண்டது. அந்தப் பிள்ளைகளில் ஆறாம் வகுப்பு மாணவர் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது அந்த இடைவெளி நாலரை வகுப்பு.

கணினி அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. டெல்லியில் யாருக்கு எது தெரியாது என்பதை முதலில் கண்டுபிடித்தார்கள். உங்கள் 41 தாள்களும் அந்த வேலைதான் சார். காசு செலவில்லாமல் முதல் படியை முடித்துவிட்டீர்கள்.

---

அரும்பு_டீச்சர்

நான் தொடக்கப் பள்ளி. இரண்டாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

2022 ஜூனில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் உறுதியாகக் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது எங்கள் ஹெச்.எம்.முக்குப் பணி ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் பாக்கி. போனில் செயலி, அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மதிப்பீடு, அரும்பு மொட்டு மலர் என்று நிலை. எனக்கே தலை சுற்றியது. வேறு பள்ளி ஹெச்.எம்.கள் குறுவள மையப் பயிற்சிக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு "ஆபீஸ் வேலை" என்று கிளம்புவார்கள். எங்கள் மேடம் என் பக்கத்தில் குட்டி பெஞ்சில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "இந்த பட்டன அழுத்துனா போயிருமா, திரும்ப வருமாம்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சிலர் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

அன்றைக்குப் பிறகு எங்கள் பள்ளியில் தெரியாது என்று சொல்ல யாருக்கும் பயம் இல்லை. நான் மூன்று நாள் மதிப்பீட்டைத் தப்பாகப் பதிவு செய்துவிட்டு நேராகப் போய்ச் சொன்னேன். திட்டாமல், "சரி, என்னோடதையும் பாரு, நானும் அப்படித்தான் பண்ணிருப்பேன்" என்றார். பண்ணியும் இருந்தார்!

எக்செல் தெரியவில்லை என்றால் அந்தச் சின்ன ஆசிரியரிடமே கேளுங்கள் சார், ஸ்டாஃப் ரூமில், எல்லார் முன்னாலும்.

---

பழைய_பிஆர்டிஇ

அரும்பு டீச்சர் சொன்னதற்கு ஓர் எண் இருக்கிறது. நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, தலைமையாசிரியர் செய்யும் எந்தெந்த வேலை பிள்ளைகளின் கற்றலில் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தார்கள். எண் பெரிதானால் தாக்கம் அதிகம் என்று அர்த்தம். தேவையானவற்றைத் திட்டமிட்டுப் பெற்றுத்தருவதற்கு 0.31. குறிக்கோள் வைப்பதற்கு 0.42. ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து, அதில் தானும் சேர்ந்து உட்காருவதற்கு 0.84.

அந்த மேடம் இந்த ஆய்வைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

---

மின்தடை

எண்ணைக் காட்டி என்னை மடக்கப் பார்க்கிறீர்கள். அந்தத் தொகுப்பில் பெரும்பாலும் அமெரிக்கப் பள்ளிகள். அங்கே முதல்வருக்கு எழுத்தர் உண்டு, ஆள் குறைந்தால் மாற்று ஆசிரியர் வருவார். நம் ஊரில் ஹெச்.எம். தானே பாடம் எடுத்து, தானே தண்ணீர்த் தொட்டிக்கு ஆள் பிடித்து, மாலையில் பயிற்சியிலும் உட்கார வேண்டும். அப்புறம் இடமாறுதல் கலந்தாய்வு. சாக்பீஸ்தூள் சார் மூன்றாண்டுத் திட்டம் போடுகிறார். மூன்றாவது ஆண்டு அவர் அங்கே இருப்பாரா?

---

பழைய_பிஆர்டிஇ

இருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதனால்தான் திட்டம் குழுவுடையதாக இருக்க வேண்டும். ஹெச்.எம். மாறுவார், ஆசிரியர் மாறுவார். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா இன்னும் மூன்று வருடம் அந்த ஊரில்தான் இருப்பார்.

---

குழுத்தலைவி

நான் ஆசிரியர் இல்லை. என் மகன் படிக்கும் பள்ளியில் மேலாண்மைக் குழுத் தலைவி. ஒரு பெற்றோர் இந்த இழையைக் காட்டினார், அதனால் எழுதுகிறேன்.

முதல் வருடம் எனக்கு இந்தத் தலைவி பதவி எதற்கென்றே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் என்பார்கள். நூறு நாள் வேலையைப் பாதியில் விட்டு வந்தால் அன்றைய ஆஜர் போய்விடும். வந்தால் டீ, பிஸ்கட். ஒரு நோட்டில் தீர்மானம் ஏற்கெனவே எழுதியிருக்கும். கையெழுத்து. அப்புறம் ஒரு டீச்சர் என் போனை வாங்கிச் செயலியில் ஏற்றித் தருவார். என் பெயரில் என்ன ஏறியது என்று எனக்குத் தெரியாது.

ஒரு கூட்டத்தில், "தீர்மானத்த பேசறதுக்கு முன்னாடியே எழுதுனா நாங்க எதுக்கு?" என்று கேட்டேன். அந்த ஹெச்.எம். முகம் சுருங்கியது. ஆனால் அடுத்த மாதம் நோட்டு வெறுமையாக வந்தது. நாங்கள் பேசப் பேச எழுதினார்கள். பெண் பிள்ளைகள் கழிப்பறைத் தாழ்ப்பாள்தான் முதல் தீர்மானம். ஒரு தாழ்ப்பாள், ஆணியோடு 60 ரூபாய். அதுவரை எத்தனை பெரிய பெரிய தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்!

சார், அந்தக் கட்டட வேலை அம்மாவிடம் பதில் சொன்னீர்களா? சாவி யாரிடம் இருக்கிறது என்று?

---

வடமராட்சி_வாத்தியார்

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட பக்கமும் இதே கதைதான், பெயர்கள்தான் வேறு. 2006இல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் வந்தது. அதிபரும் ஆசிரியரும் பெற்றாரும் பழைய மாணவரும் இருக்கிற குழு, அது போடுகிற அபிவிருத்தித் திட்டம், ஆண்டுக்கு ஒரு அமுலாக்கல் திட்டம். தாளில் வடிவு.

நான் படிப்பிக்கிற பாடசாலையில் கணினி அறைக்குப் பொறுப்பான ஆசிரியர் இடமாற்றம் கிடைத்துப் போனபிறகு கடவுச்சொல் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு தவணை முழுக்க அறை கிடந்தது. திறப்பு கையில் இருந்தது, ஆனால் உள்ளே போனால் கணினி திறக்காது. இப்ப ஒரு கொப்பியில் எழுதி அதிபரின் அலுமாரியில் வைத்திருக்கிறோம். உங்கட திட்டத்தில் இதையும் ஒரு வரி போடுங்கோ.

---

சாக்பீஸ்தூள்

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், காலாண்டுத் தேர்வு, அப்புறம் மழை விடுமுறை, அப்புறம் நிஜமாகவே எழுதுவதற்கு எதுவும் இல்லாமல் இருந்தது.

சாவி இப்போது ஸ்டாஃப் ரூம் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. கீழே ஒரு நோட்டு. எடுப்பவர் பெயர், வகுப்பு, நேரம். கடவுச்சொல்லும் எழுதி வைத்தாயிற்று, நன்றி வாத்தியார். குழுத்தலைவி அம்மா, அந்தத் தாய்க்கும் அடுத்த கூட்டத்தில் பதில் சொன்னேன்: "எங்கிட்டதாம்மா இருந்துச்சு, தப்புதான்." அவர், "சரி, இனிமே தொறங்க சார்" என்றார். அவ்வளவுதான். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை.

முதல் வாரம் ஒருவரும் சாவியை எடுக்கவில்லை. காரணம் கணினி தெரியாதது இல்லை. ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம். ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஒரு மவுஸ் குறைந்தாலும் தணிக்கையில் கேட்பார்கள், சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று எல்லாருக்கும் உள்ளூர ஒரு நடுக்கம். எனக்கும் அதேதான், அதனால்தானே டிராயரில் வைத்தேன். கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம்: பாட வேளையில் பழுதானால் நோட்டில் எழுதினால் போதும், சரிசெய்வது ஹெச்.எம். பொறுப்பு. மூன்றாம் வாரம் ஒரு மவுஸ் செத்தது, ஒரு கீபோர்டில் 'என்டர்' கழன்றது. கழன்றதை அறிவியல் ஆசிரியை கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டு, நோட்டில் நானே எழுதினேன். அதற்குப் பிறகுதான் சாவி உண்மையில் புழங்க ஆரம்பித்தது.

வகுத்தல் விஷயம் நான் நினைத்த மாதிரி போகவில்லை. முடியாத 24 பேரை லேபில் உட்காரவைக்கலாம் என்றேன். கணக்கு ஆசிரியர் தலையாட்டவில்லை. "தலைகீழா யோசிங்க சார். தெரிஞ்ச 17 பேர லேபுக்கு அனுப்புங்க, மணற்கேணி பாட வீடியோ செயலில அடுத்த பாடத்தப் பாக்கட்டும், நீங்க கூட இருங்க. தெரியாத 24 பேரு எங்கூட இருக்கட்டும், எண்ணுற குச்சி வெச்சு சொல்லித்தரேன்" என்றார். எனக்கு இது தோன்றவே இல்லை. செவ்வாய், வியாழன் கடைசி வேளை அப்படியே நடக்கிறது. கணினி அறையில் நான் இருக்கிறேன். எக்செல் கூட்டல் அங்கேதான் கற்றுக்கொண்டேன், பிள்ளைகளிடமிருந்து.

போன வாரம் மறுபடி அதே மாதிரிக் கணக்கு. 26 பேர் சரி. பூ வரைந்தவள் இந்த முறை கணக்கையும் போட்டாள், பூவையும் வரைந்தாள். 15 பேர் இன்னும் பாக்கி.

திட்டம் இப்போது பதினான்கு இல்லை, நாலு அம்சம். ஒன்று மட்டும்தான் வாங்குவது, பேட்டரி. சிக்கல் ஒன்று முளைத்திருக்கிறது. பிள்ளைகள் 'லேப் செட்', 'குச்சி செட்' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒரு பையன் குச்சி செட் என்பதால் செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு போடுகிறான்.

---

அரும்பு_டீச்சர்

அய்யோ, இது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த வியாதி. அரும்பில் இருக்கும் பிள்ளையை மற்றவர்கள் "நீ இன்னும் அரும்புதானே" என்று கிண்டல் பண்ணுவார்கள். நாங்கள் செய்தது இதுதான்: வாரத்தில் ஒரு நாள் இடத்தை மாற்றுவது. வியாழக்கிழமை குச்சி செட் லேபுக்குப் போகட்டும். அன்றைக்கு வகுத்தல் வேண்டாம், அவர்களுக்குப் பிடித்தது எதுவானாலும் சரி. 17 பேரும் குச்சியோடு உட்காரட்டும். அவர்களில் நாலு பேருக்காவது ஏன் இறக்குகிறோம் என்று தெரியாமலேதான் விடை வந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

---

மின்தடை

பேட்டரி கொட்டேஷன் எவ்வளவு வந்தது சார்?

---

சாக்பீஸ்தூள்

ஒருவர் 38,000 என்றார். இன்னொருவர் பழைய பேட்டரியை எடுத்துக்கொண்டு 31,500. குழுவில் ஒரு அப்பா எலக்ட்ரீசியன், அவர் வந்து பார்த்துவிட்டு நாலில் ஒன்று நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். மூன்றாவது கொட்டேஷனுக்கு அவரையே கூட்டிக்கொண்டு சனிக்கிழமை போகிறேன்.

அரும்பு டீச்சர், நீங்கள் சொன்னபடி இன்றைக்கு 17 பேரிடம் கேட்டுப் பார்த்தேன். நாலு பேர் இல்லை, ஒன்பது பேர்.